வழிகாட்டி அண்ணன்கள் ஏன் பாதியில் காணாமல் போகிறார்கள்?

அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று ஒரு பழைய அமைப்பு இருக்கிறது. அப்பா இல்லாத, அல்லது வீட்டில் யாருக்கும் நேரமில்லாத பிள்ளைக்கு அதே ஊரிலிருந்து ஒரு பெரியவரை அண்ணனாகவோ அக்காவாகவோ சேர்த்துவைப்பது அதன் வேலை. வருகிறவர் சம்பளம் வாங்குவதில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் பிள்ளையை வெளியே கூட்டிப்போகிறார், பேசுகிறார், கொண்டுவந்து வீட்டில் விடுகிறார். அவ்வளவுதான். ஆனால் 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது, இப்படி ஒரு ஜோடியை ஒரு வருஷம் நடத்த அமைப்புக்குச் சுமார் 1,000 டாலர் ஆனது தெரிந்தது.

சும்மா வந்து உதவுகிறவருக்கு எதற்கு இவ்வளவு செலவு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், மென்டரிங் எனப்படும் இந்த வழிகாட்டும் முறை எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

கதை நியூயார்க்கில் ஆரம்பிக்கிறது. சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் அங்கே 1902இல் வந்தது. அதில் குமாஸ்தாவாக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர். திருட்டு, அடிதடி என்று தினமும் வந்து நிற்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். 1904இல் ஒரு தேவாலயத்தின் ஆண்கள் சங்கத்தில் பேசப் போன இடத்தில், ஆளுக்கு ஒரு பையனை நண்பனாக ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஏறக்குறைய நாற்பது பேர் கை தூக்கினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, அதே ஊரில் கத்தோலிக்கப் பெண்கள் சிலர் நீதிமன்றத்துக்கு வரும் சிறுமிகளுக்கு அக்காக்களாக இருக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன்கள், அக்காக்கள் என்று தனித்தனியாக வளர்ந்த இந்த இரண்டு இயக்கங்களும் 1977இல் ஒன்றாயின.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் இது நல்ல விஷயம் என்ற நம்பிக்கையிலேயே ஓடியது. உண்மையிலேயே பலன் உண்டா என்று சோதித்த பெரிய ஆய்வு 1995இல்தான் வெளியானது. எட்டு ஊர்க் கிளைகளில், 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே ஆள் தேடிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் 18 மாதம் காத்திருப்புப் பட்டியலில். பட்டியல் எப்படியும் நீளமாகத்தான் இருந்தது என்பதால் இதில் யாருக்கும் பெரிய அநியாயம் நடந்துவிடவில்லை.

18 மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஆள் கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவு. குடியைத் தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. அடிதடியும் குறைந்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் பாதிதான். இத்தனைக்கும் வந்த பெரியவர்கள் போதை ஒழிப்பு வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. பீட்சா வாங்கித் தந்தார்கள், பந்து விளையாடினார்கள், காரில் போகும்போது பேசினார்கள்.

இந்த 46 சதவீதம் அதன் பிறகு நிதி கேட்கும் துண்டுப் பிரசுரங்களிலெல்லாம் ஏறிவிட்டது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஆள் கிடைக்காத பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினொரு பேர் போதையைத் தொட்டார்கள் என்றால், ஆள் கிடைத்தவர்களில் ஆறு பேர். நூறு பிள்ளைகளில் ஐந்து பேர் தப்பித்தார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனால் மந்திரமும் இல்லை. 2011இல் டேவிட் டுபாய்ஸும் அவருடைய சகாக்களும் 73 மதிப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த சராசரியும் இதே ரகம்தான். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஒன்பது இடம் முன்னே நகர்கிறது.

சராசரி என்றால் அதற்கு மேலேயும் ஆள் இருக்கும், கீழேயும் ஆள் இருக்கும். கீழே போனவர்கள் யார்?

ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் அதே ஆய்வின் தரவை மறுபடி எடுத்து, ஜோடிகள் எத்தனை மாதம் நீடித்தன என்று பிரித்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று குறையக் குறையப் பலனும் தேய்ந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகள் ஆரம்பித்த இடத்தைவிடக் கீழே போயிருந்தார்கள். தன்மேல் இருந்த மதிப்பும், ‘நான் படித்துவிடுவேன்’ என்ற நம்பிக்கையும் இறங்கியிருந்தன. யாருமே வராமல் இருந்திருந்தால் இதைவிடத் தேவலாம்.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே அப்பா விட்டுவிட்டுப் போன பையன் அவன். புதிதாக ஒருவர் வருகிறார், பிறந்தநாள் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார், அப்புறம் ஃபோன் எடுப்பதை நிறுத்திவிடுகிறார். அந்தப் பிறந்தநாள் வரும்போது ஆளே இல்லை. ‘அவருக்கு ஆபீஸில் வேலை அதிகமாகியிருக்கும்’ என்று பன்னிரண்டு வயதுப் பையன் நினைப்பதில்லை. தன்னிடம்தான் ஏதோ சரியில்லை என்று நினைக்கிறான்.

சீக்கிரம் கழன்றுகொண்டவர்கள் கெட்டவர்களும் அல்லர். இருபதுகளின் கடைசியில் இருந்து, திருமணமும் ஆனவர்களின் உறவுகள் முறிவது அதிகம் என்று அதே ஆய்வு காட்டியது. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், வீடு மாற்றம் எல்லாம் ஒன்றாக வந்து விழும் வயது. பதின்வயதின் நடுவில் இருக்கும் பிள்ளைகளோடும், ஏற்கெனவே கொடுமைக்கு ஆளான பிள்ளைகளோடும் அமைந்த உறவுகளும் சீக்கிரம் முறிந்தன. அதாவது யாருக்கு ஆள் மிகவும் தேவையோ, அவர்களிடம்தான் ஆள் தங்குவதில்லை.

இதைவிடக் கசப்பான பழைய கதை ஒன்று உண்டு. மென்டரிங் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். ரிச்சர்ட் கேபட் என்ற ஹார்வர்ட் மருத்துவப் பேராசிரியர், ஏழைப் பையன்கள் தப்பு வழிக்குப் போகாமல் தடுக்க அங்கே ஒரு திட்டம் போட்டார். 506 பையன்கள். வயது, குடும்பம், குணம் எல்லாம் பார்த்து இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டி ஒருவனுக்கு உதவி, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை என்று பிரித்தார்கள். 1939இல் தொடங்கி 1945 வரை, சராசரியாக ஐந்தரை வருஷம் உதவி போனது. ஆலோசகர்கள் மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கே வந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். இன்றைக்குப் பெரும்பாலான அமைப்புகள் இந்த அளவுக்குச் செய்வதில்லை.

முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப்போனார். அதற்குள் அவர்கள் நடுவயதுக்காரர்கள். நீதிமன்றப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, மரணச் சான்றிதழ் என்று துருவி, கிட்டத்தட்ட எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றுதான் சொன்னார்கள். பதிவுகள் வேறு மாதிரி பேசின. உதவி பெற்றவர்களிடம் குடிநோய் அறிகுறி அதிகம், கடுமையான மனநோய் அதிகம், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு போன்றவை அதிகம். குற்றம் செய்தவர்களில், திரும்பவும் குற்றம் செய்தவர்கள் அதிகம். இறந்தவர்கள் இன்னும் இளம் வயதில் இறந்திருந்தார்கள். உதவி நீடித்த அளவுக்குக் கேடும் கூடியிருந்தது. 1978இல் இது வெளியானபோது சமூகப்பணித் துறையில் பெரிய சலசலப்பு.

அப்படியானால் ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் நல்லது என்ற கணக்கு என்ன ஆவது? நீளம் மட்டும் போதாது என்று இங்கே தெரிகிறது. மெக்கார்டும் வேறு இருவரும் 1999இல் அதே தரவை மீண்டும் கிண்டினார்கள். கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போன பையன்களிடம்தான் பாதிப்பு குவிந்திருந்தது. வம்புக்காரப் பையன்களை ஒரே இடத்தில் போட்டு வைத்தால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். முகாம் நடத்துகிறவர் சொல்வதைவிடப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் சொல்வது சுவாரசியமானது. ஆலோசகர்களில் பலர் இரண்டாம் உலகப் போருக்குக் கிளம்பிப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு பழகி முடிப்பதற்குள் வேறு ஒருவர் வந்து நிற்பார்.

நல்ல எண்ணம், படித்த ஆட்கள், பணம், நேரம் எல்லாம் இருந்தும் இப்படி ஆனதே என்பதுதான் நல்ல திட்டங்கள் இன்று இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம். அந்த 1,000 டாலரும் இங்கேதான் போகிறது. தன்னார்வலருக்கும் பிள்ளைக்கும் நடுவில் சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறார். வெளியில் அவர் முகம் தெரியாது. புகைப்படத்தில் பெரியவரும் பிள்ளையும்தான் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர் வேலை என்ன என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் விண்ணப்பித்தவரின் குற்றப் பின்னணியை விசாரிக்கிறார். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போக வழி தேடும் ஆபத்தான ஆட்களும் இத்தகைய இடங்களுக்கு விண்ணப்பிப்பார்கள் என்பது எல்லா அமைப்புக்கும் தெரிந்த உண்மை. பிறகு நேர்காணல், வீட்டைப் பார்ப்பது, பயிற்சி. குறைந்தது ஒரு வருஷம் வருவேன் என்று வாக்குறுதி வாங்குகிறார். எந்தப் பிள்ளைக்கு யார் என்று யோசித்துச் சேர்க்கிறார். பிள்ளையின் அம்மாவிடமும் பேசுகிறார், ஏனென்றால் அம்மாவுக்குப் பிடிக்காத உறவு இரண்டு மாதம்கூடத் தாங்காது. அப்புறம் தொலைபேசி. ‘மென்டார்’ என்ற அமெரிக்கத் தேசிய அமைப்பு வகுத்த நடைமுறைப்படி முதல் மாதம் குறைந்தது இரண்டு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், ஏதாவது சங்கடமா? தன்னார்வலரிடம் கேட்ட அதே கேள்வியைப் பிள்ளையிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்கிறார்.

சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் உறவு முறிவதற்கு முன்னால் வரும் அறிகுறி இந்த அழைப்புகளில்தான் பிடிபடும். ‘அவன் என்னோடு பேசுவதே இல்லை, வந்ததிலிருந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் போய் என்ன பிரயோஜனம்?’ என்று மூன்றாவது மாதம் ஒருவர் சொல்வார். அதே வாரம் பையனின் அம்மா, ‘சனிக்கிழமை அவர் வருவாரா என்று வெள்ளிக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுகிறான்’ என்பார். இரண்டையும் கேட்டவர் ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான். இந்தப் பக்கச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் இல்லையென்றால், தன்னார்வலர் நான்காவது மாதம் வரமாட்டார்.

புதிதாக வரும் தன்னார்வலர்கள் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மோரோ, ஸ்டைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் 82 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில பெரியவர்கள் முதலிலேயே இலக்கோடு வந்தார்கள்: மார்க்கைக் கூட்ட வேண்டும், நடத்தையை மாற்ற வேண்டும். மற்றவர்கள் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு அதையே செய்துகொண்டிருந்தார்கள், படிப்புப் பேச்சைப் பிள்ளையே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், இலக்கோடு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகள் கலைந்துவிட்டன. மற்ற வகையில் கலைந்தது பத்தில் ஒன்றுதான்.

அட்வைஸ் பண்ணாமல் ஒரு பையனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க நம் ஊர்ப் பெரியவர்களால் முடியுமா என்று இதைப் படித்தபோது யோசித்தேன். ‘தம்பி, நான் உன் வயசுல’ என்று தொடங்காமல் இருப்பதற்கே தனிப் பயிற்சி தேவைப்படும்.

செலவைக் குறைக்க அமெரிக்காவில் வேறு வழிகளும் பார்த்தார்கள். பள்ளிக்குள்ளேயே, மதிய உணவு நேரத்திலோ பள்ளி விட்ட பிறகோ சந்திக்கும் முறை அதில் ஒன்று. தன்னார்வலர்கள் எளிதாகக் கிடைத்தார்கள். 2007இல் வெளியான ஆய்வில் முதல் வருஷம் படிப்பில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. கோடை விடுமுறை வந்தது, பல ஜோடிகள் திரும்பச் சேரவில்லை, அடுத்த ஆண்டு பலனும் போயிற்று. நேர் எதிர் வழியில் போனது போர்ட்லண்டில் 1993இல் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் த சில்ட்ரன்’. அங்கே தன்னார்வலர் என்ற பேச்சே இல்லை. முழுநேரச் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு எட்டுப் பிள்ளைகள்போல ஒப்படைக்கிறார்கள். மழலையர் வகுப்பில் கைபிடித்தால் பள்ளிப் படிப்பு முடியும் வரை விடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் வேறு உருவத்தில் இருக்கிறது. இங்கே பிள்ளையைச் சுற்றி மாமா, சித்தப்பா, தெருக்காரர்கள் என்று பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. குறைவது விவரம் தெரிந்த பெரியவர்.

பிளஸ் டூ முடித்த அரசுப் பள்ளி மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள். பொறியியல் கவுன்சிலிங்குக்குச் சாய்ஸ் ஃபில்லிங் செய்ய வேண்டும். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, தன்னாட்சிக் கல்லூரி என்றால் என்ன, கட்-ஆஃப்பை வைத்து எப்படிக் கணிப்பது? வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கட்டணச் சலுகை உண்டு, அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். குடும்பத்தில் அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே அந்தச் சலுகையை வாங்கியிருந்தால் இவளுக்குக் கிடையாது. இதெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜையில் தானாகக் காதில் விழும் சங்கதிகள். அப்புறம் கல்லூரியில் சேர்ந்தால், தமிழ் வழியில் படித்தவளுக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழும். ‘அரியர் விழுவது சகஜம், அடுத்த முறை எழுதிப் பாஸ் பண்ணிவிடலாம்’ என்று சொல்ல ஆள் இல்லாமல், படிப்பே நமக்கு ஒத்துவராது என்று பெட்டியைக் கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல், மாணவர்களைக் கல்லூரியில் படிக்கவைக்கும் ‘விதை’ என்ற திட்டத்தில் இந்த இடத்தைத்தான் பிடித்திருக்கிறது. விண்ணப்பித்த மாணவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நேரில் போய்ப் பார்த்த பிறகே தேர்வு நடக்கிறது. அப்படிப் படித்து வேலைக்குப் போன மாணவர்கள் பலர் இன்று அடுத்த தலைமுறைக்குத் தன்னார்வலர்களாக வருகிறார்கள். முதல் செமஸ்டர் அரியரைப் பற்றி அவர்கள் சொன்னால் பிள்ளை நம்பும்.

தெருவிலிருந்தே ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ நல்ல உதாரணம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அரசுத் திட்டம். தொடங்கிய காலத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒருவருக்கு இருபது பிள்ளைகள்போல, மாலையில் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ வகுப்பு நடந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த பிறகு மீண்டுவந்த கற்றலில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தின் பங்கு என்று கண்டார்கள். இதைச் சரியான அர்த்தத்தில் மென்டரிங் என்று சொல்ல முடியாது, ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்றால் அது டியூஷன்தான். ஆனால் தன்னார்வலர் தங்குவது பற்றி இதில் ஒரு சேதி இருக்கிறது. பாடம் எடுத்த அக்கா மூன்று வீடு தள்ளி இருந்தாள். பஸ் பிடிக்க வேண்டாம், டிராபிக்கில் நிற்க வேண்டாம். வரவில்லையென்றால் பிள்ளைகளே போய்க் கதவைத் தட்டுவார்கள். மாதம் 1,000 ரூபாய் அவள் உழைப்புக்கு ஈடே இல்லை, இருந்தாலும் வீட்டில் ‘எதுக்கு இந்த வெட்டி வேலை?’ என்று கேட்பவர்களுக்கு அது ஒரு பதில்.

நம் ஊரில் இன்னும் பெரிதாகச் சரிப்படாதது அந்த ஒருங்கிணைப்பாளர் விஷயம்தான். நோட்டுப் புத்தகம், லேப்டாப், கட்டணம் என்றால் நன்கொடை தருகிறவர்கள் உண்டு. தன்னார்வலர்களுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சம்பளம் என்றால் முகம் சுளிப்பார்கள், நிர்வாகச் செலவு அதிகம் என்பார்கள். அதனால் அந்த வேலையையும் இன்னொரு தன்னார்வலரே பார்ப்பார். அவரும் ஆறு மாதத்தில் களைத்துப் போவார்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் இதனால் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. கேடு வருவது உறவை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடுவதால்தான், குறுகிய உதவியால் அல்ல. ஒரு மாதம்தான் முடியுமென்றால் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு உட்காரலாம், சான்றிதழ் வாங்கித் தரலாம், கல்லூரி திறக்கும் நாளில் விடுதி வரைக்கும் கூடப் போய்விட்டு வரலாம். இது இந்த மாதத்தோடு முடியும் வேலை என்று முதல் நாளே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவதும், அதற்கப்புறம் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு பெயரும் நம்பரும் எழுதிக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.